கார்பனின் கட்டைவிரல்

பெயிண்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது அன்பினால் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, ஆள் ஏதோ வேண்டுமென்றே செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மனைவியும் மகளும் காலையிலேயே கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் மனைவியின் ஆம்ப்ளிஃபயரும்தான். கிதாரின் ஒலியைப் பெரிதாக்கித் தரும் அந்தப் பெட்டி முழங்கால் உயரம் இருக்கும். இத்தனை காலமும் மனைவி கிதார் வாசிக்கும், அவளுடைய அண்ணனின் இசைக்குழுவுடைய ஒத்திகைக் கொட்டகையில் கிடந்தது. கொட்டகைக் கூரை ஒழுகத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டது. மூலையெல்லாம் உறை கிழிந்து மரம் தெரிந்தது. வரும் சனிக்கிழமை அது ஒரு பெரிய ஹோட்டல் மேடையில் ஏற வேண்டும். “இந்த மூஞ்சியோட இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?” என்று மனைவி அலுத்துக்கொண்டதை அவர் மனதில் வைத்திருந்தார்.

அவர் அடிபட்ட கார்களுக்கு வண்ணம் அடிப்பவர். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துவது இன்னொருவர் வேலை. அந்தக் கதவு ஒருநாளும் நசுங்கவே இல்லை என்று பார்ப்பவரை நம்பவைப்பது இவர் வேலை. பெட்டியை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மனைவியின் காலடிப் பெட்டிகளில் வெளியே கிடந்த இரண்டையும் கூடவே எடுத்துக்கொண்டார். காலடிப் பெட்டி என்பது கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் வைத்துக் காலால் அமுக்குகிற சின்ன இரும்புப் பெட்டி. ஒன்று ஒலியை உறுமவைக்கும். இன்னொன்று அலைபோல ஆட்டும்.

பட்டறையில் அவர் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. ஒலிபெருக்கியையும், பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வுகளையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். குமிழ்களைப் பிடுங்கினார். குமிழ்களைச் சுற்றித் தகட்டில் கண்ட இடத்திலெல்லாம் நகப்பூச்சுப் பொட்டுகள் இருந்தன. மகளின் கைவரிசை என்று நினைத்தார். அவள் சுவிட்சில் பூசுவாள், ஹெல்மெட்டில் பூசுவாள், பல் தேய்க்கிற பிரஷ்ஷில்கூடப் பூசியிருக்கிறாள். பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால், காலடிப் பெட்டிகளிலும் சேர்த்து, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார். கிழிந்த உறையை உரித்து, மரத்துக்குப் பட்டி பார்த்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் இழைத்து, அடிப்பூச்சு அடித்தார். அன்று காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் அவசரப்பட்டு அடித்தால் பெயிண்டின் மேல் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் மெல்லக் காயும் தின்னராகப் பார்த்துக் கலந்து, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வந்து அடித்தார். ஏதோ ஒரு டாக்டரின் காருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கருநீலம், வெள்ளித் துகள் கலந்தது.

சாயங்காலம் பெட்டி வீட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மனைவி வாசலுக்கு வந்தபோது பெயிண்டர் வழியை மறித்து நின்றார்.

“கண்ண மூடிக்கிட்டு உள்ள வா.”

“செருப்பைக் கழட்டவாவது விடுங்க.”

“கழட்டிட்டு மூடு.”

மகள் முதலில் பார்த்துவிட்டாள். “அப்பா! செமையா இருக்குப்பா! இது நம்ம பொட்டியா?”

மனைவி கண்ணைத் திறந்தாள். அவள் முகம் மலர்ந்தது உண்மை. பெயிண்டர் இதைப் பிற்பாடு பலமுறை சொல்லிக்காட்டினார்: “மொதல்ல நீ சிரிச்ச. நான் பாத்தேன்.” பிறகு அவள் குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“பொட்டெல்லாம் எங்க?”

“எந்தப் பொட்டு?”

“குமிழைச் சுத்திக் கலர் கலரா இருந்துச்சே, அந்தப் பொட்டு.”

“அதுவா? ஒரு தடயம் இல்லாம எடுத்துட்டேன். இவ பண்ற வேலைக்கு…”

“நான் பண்ணலப்பா,” என்றாள் மகள். “அம்மா பொட்டிகிட்ட போனா என் கை இருக்குமா?”

மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். பெயிண்டர் குனிந்து, தான் துடைத்த தகட்டைத் திரும்பப் பார்த்தார்.

அந்தப் பொட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனின் இசைக்குழு மற்றவர்களின் பாட்டை மேடையில் பாடும் குழு. பதாகையில் குழுவின் பெயருக்குக் கீழே ‘அச்சு அசல்’ என்று எழுதியிருக்கும். ரெகார்டில் எப்படிக் கேட்டீர்களோ அப்படியே தருவோம் என்பதுதான் அண்ணனின் வியாபாரம், அவருடைய பெருமையும் அதுதான். தங்கைக்கு மேடையிலேயே, நகலெடுக்கும் கார்பன் தாளின் பெயரால் ‘கார்பன்’ என்று பட்டம் கொடுத்தவரும் அவர்தான். “கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. இது ரெகார்டா, எங்க கார்பனான்னு சொல்லுங்க!” என்பார். கூட்டம் கைதட்டும். நாளடைவில் வீட்டிலும் தெருவிலும் அவள் வேலை பார்க்கும் பை தைக்கிற கூடத்திலும் கார்பன் என்றால்தான் அவளைத் தெரியும் என்றாகிவிட்டது.

கிதார் வாசிக்கிற ஒவ்வொரு பெரிய கலைஞருக்கும் ஒரு ஒலி உண்டு. ஒருவர் ஒரு தந்தியைத் தொட்டாலே அது அவர்தான் என்று தெரியும். ஒரே மெட்டைப் பத்துப் பேர் பாடினாலும் குரலை வைத்து ஆளைச் சொல்கிறோம் அல்லவா, அதுபோல. கார்பன் அப்படி ஆறு பேரைப் பிடித்து வைத்திருந்தாள். அவர்களுக்கு அவளே பெயரும் வைத்திருந்தாள். இழுத்து இழுத்து வாசிப்பவர் ‘அழுமூஞ்சி’, சிவப்புப் பொட்டு. சில்லென்று தெளிவாக வாசிப்பவர் ‘கண்ணாடி’, பச்சைப் பொட்டு. அறுப்பவர் ‘ரம்பம்’, கறுப்பு. இப்படி ஆறு நிறம். பெட்டியில் நான்கு குமிழ். ஒன்று சத்தத்துக்கு, மற்ற மூன்றும் கீச்சு, நடு, அடி ஆகிய மூன்று குரல்களுக்கு. காலடிப் பெட்டிகளிலும் குமிழ்கள். அழுமூஞ்சி வேண்டுமென்றால் எல்லாக் குமிழ்களையும் சிவப்புப் பொட்டுக்கு நேராகத் திருப்ப வேண்டியதுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அண்ணன் ஒரு ஜோக் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஆள் மாறிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ரெகார்டை ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்டு, கிடைத்த இடத்தில் நகப்பூச்சு வைத்தாள். அதன் பிறகு தேடவேண்டிய தேவை வரவில்லை.

“எழுதி வச்சிருக்கலாம்ல?” என்றார் பெயிண்டர்.

“கண்ணு முன்னாடி இருக்கறத எவ எழுதி வைப்பா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“கல்யாணம் ஆயி இத்தன வருஷத்துல அது எதுக்குன்னு ஒரு நாள் கேட்டீங்களா?”

“பொம்பளைங்க பொட்டு வச்சா காரணம் கேக்கவா முடியும்?”

மகள் சிரித்தாள். அம்மா பார்த்த பார்வையில் அடங்கினாள்.

“சிரிங்க. நல்லா சிரிங்க. அண்ணன் ஏற்கனவே அந்தப் பொட்டிக்காரனோட பேசிட்டிருக்காரு.”

பெயிண்டருக்கு இது புதிது. “எந்தப் பொட்டிக்காரன்?”

“ஒரே ஒரு டப்பா வச்சிருக்கானாம். அதுக்குள்ள இருநூறு பேரோட டோன் இருக்காம். காலால ஒரு அமுக்கு, அழுமூஞ்சி. இன்னொரு அமுக்கு, ரம்பம். யாரு வாசிச்சாலும் அப்படியே வருமாம். ‘சனிக்கிழமை ஹோட்டல்காரங்க கேக்க வராங்க, வாராவாரம் நமக்கே குடுத்துடுவாங்க, நீ மட்டும் அச்சு அசலா வாசிச்சுடு பாப்பா, இல்லேன்னா நான் அவனத்தான் வச்சுக்கணும்’னு மூணு தடவ சொல்லிட்டாரு.”

“தங்கச்சிய வெளிய அனுப்பிடுவாரா?”

“அனுப்ப மாட்டாரு. சேர்ல உக்காந்து தாளம் போடச் சொல்வாரு. அது இன்னும் மோசம்.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க அது விட்டு விட்டுப் பெய்தது.

மறுநாள் பை தைக்கும் கூடத்திலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் சிக்கல், பெயிண்டர் குமிழ்களைப் பிடுங்கித் தோதுப்பட்டபடி திரும்பச் செருகியிருந்தார். குமிழின் முள் ஐந்தைக் காட்டும், உள்ளே தண்டு இரண்டில் நிற்கும். அவள் ஒவ்வொரு தண்டையும் இடதுபக்கம் போகிற வரைக்கும் திருப்பி, குமிழைக் கழற்றிப் பூஜ்யத்துக்கு நேராகச் செருகினாள். கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் சிவப்பு எந்த இடம்? கீச்சுக் குமிழ் நாலுக்குக் கொஞ்சம் மேலே என்று நினைவு. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதுதான் சங்கதி.

போனில் ரெகார்டை ஓடவிட்டாள். பிறகு தான் வாசித்தாள். பிறகு ரெகார்டு. பெயிண்டர் கதவோரம் நின்று குற்றவாளிபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கிட்டத்தட்ட அதேதான்,” என்றார்.

“கிட்டத்தட்டன்னா எட்டத்துலன்னு அர்த்தம்.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லாதீங்க.”

மகள் கிதார்ப் பையைத் துழாவி ஒரு காலடிப் பெட்டியை எடுத்துவந்தாள். எதிரொலிப் பெட்டி. பையிலேயே இருந்ததால் பெயிண்டரின் அன்புக்குத் தப்பித்திருந்தது. அதில் ஆறு நிறப் பொட்டும் அப்படியே இருந்தன.

கார்பனுக்கு உயிர் வந்தது. ஒரு நூல் கிடைத்தால் போதும், மீதியைப் பிடித்துவிடலாம். பச்சைப் பொட்டில் வைத்தாள். கண்ணாடி என்கிற அந்தக் கலைஞரின் எதிரொலி துல்லியமானது. வாசித்த சுரம் போய்ச் சுவரில் மோதி, தாளத்துக்குள் சரியாகத் திரும்பி வந்து விழும். அவள் வாசித்தாள். எதிரொலி வந்தது. தாமதமாக வந்து தாளத்துக்கு வெளியே விழுந்தது.

இன்னொரு தடவை. அப்படியேதான்.

சிவப்பில் வைத்தாள். ரெகார்டை ஓடவிட்டாள். அதுவும் பொருந்தவில்லை.

அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். “பொட்டு தப்பா இருக்கு,” என்றாள் கடைசியில்.

“இத நான் தொடலம்மா,” என்றார் பெயிண்டர் அவசரமாக.

“நீங்க இல்ல. இதுவே மாறிப்போச்சு.”

விஷயம் இதுதான். இதுபோன்ற பெட்டிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மின்பாகங்களின் அளவு வருஷம் ஆக ஆக மாறும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அடித்து அடித்துத் தளரும். அவள் நடுவில் கிதார்த் தந்தியின் கனத்தையும் மாற்றியிருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பொட்டு வைத்த இடத்தில் இருந்த ஒலி, பொட்டை விட்டுவிட்டு எங்கேயோ நடந்து போய்விட்டிருந்தது. முள் பொட்டுக்கு நேராக நின்றதும் அவள் கண் ‘சரி’ என்று சொல்லிவிடும். அதற்குமேல் காதைக் கேட்க அவள் மறந்துபோயிருந்தாள். அண்ணனும் கவனிக்கவில்லை. கைதட்டிய கூட்டமும் கவனிக்கவில்லை.

“அப்ப இத்தன நாளா வாசிச்சது யாரும்மா?” என்றாள் மகள்.

“பேசாம போய்ப் படி.”

புதன்கிழமை கூடத்தில் அரைநாள் வேலைதான். கார்பன் பெயிண்டருக்குச் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மூன்று நாளாக அவருடன் சரியாகப் பேசவில்லை, ஆனால் சோறு வேறு, சண்டை வேறு.

பட்டறையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. புதுக் கதவு மாட்டியிருந்தது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று ஒரு டப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கம்பெனி நம்பர் சொல்லி வாங்கியாந்தேன். அப்படியே அடிச்சா போதுமே, எதுக்குக் கலக்குறீங்க?”

பெயிண்டர் ஒரு தகட்டுத் துண்டில் அந்த டப்பா வெள்ளையை அடித்துக் காட்டினார். காயவைத்துக் காரின் முன்பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். கார் வெள்ளை, தகடும் வெள்ளை. ஆனால் பக்கத்தில் வைத்ததும் தகடு சட்டையில் ஒட்டிய பல்பொடிபோல் தனியாகத் தெரிந்தது.

“இந்த வண்டி எட்டு வருஷம் வெயில்ல நின்னிருக்கு. மழையில நனைஞ்சிருக்கு. நீங்க தொடைச்சு தொடைச்சு அது ஒரு வெள்ளையாயிருக்கு.” ஒரு குச்சி நுனியில் மஞ்சளைத் தொட்டு டப்பாவில் விட்டுக் கலக்கினார். கறுப்பிலும் ஒரு துளி. திரும்பத் தகட்டில் அடித்தார். “கம்பெனி கலரு கம்பெனியிலதான் இருக்கும் சார். இது உங்க வண்டி கலரு.”

தகட்டைச் சாய்த்துப் பிடித்தார். இப்போது தகடு எங்கே, கார் எங்கே என்று தெரியவில்லை.

கார்பன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன, சூடு ஆறிடப்போவுது,” என்றார் பெயிண்டர்.

“இத ஞாயித்துக்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“எத?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

அவர் பாவம், என்ன சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டார்.

அன்று அவள் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தினாள். யாரைப் போலவும் இல்லாமல், வெறுமனே கேட்டாள்.

குமிழ் திருப்பும்போது கிதார் வாசிப்பவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். தந்தியை மீட்டுகிற வலது கையால்தான் குமிழையும் திருப்ப வேண்டும். அதனால் மீட்டப் பயன்படும் சின்ன பிளாஸ்டிக் வில்லையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கட்டைவிரலால் தந்தியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குமிழைத் திருப்புவார்கள். பிறகு வில்லையை எடுத்து ஒழுங்காக வாசிப்பார்கள். கார்பனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கட்டைவிரலால் தட்டுவாள், திருப்புவாள், தலையாட்டுவாள். வில்லையை எடுத்து வாசிப்பாள், முகம் சுளிப்பாள், மறுபடி வில்லை பல்லுக்குப் போகும்.

பெயிண்டர் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

வில்லை பல்லில் இருந்ததால் அவள் “ம்ம்” என்றாள்.

“நீ வாயில எதையாவது வச்சிருக்கறப்பதான் நல்லா இருக்கு.”

தலையணை பறந்து வந்தது.

“அய்யோ, நான் அதச் சொல்லல! வாசிக்கறதச் சொன்னேன். அத வாயில வச்சுக்கிட்டு ‘டொங்’குனு ஒண்ணு தட்டுற பாரு, அது நல்லா இருக்கு. அப்பறம் அத எடுத்து வாசிக்கற, அது ரேடியோ மாதிரி இருக்கு.”

“கட்டைவிரலால யாரு வாசிப்பா? அந்த ஆறு பேர்ல ஒருத்தர்கூடக் கெடையாது.”

“அது அவங்க பிரச்சினை.”

அவள் வில்லையை வாயிலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையில் கொடுத்தாள். கட்டைவிரலால் ஒரு தந்தியைத் தொட்டாள்.

அவளுடைய கட்டைவிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பை தைக்கும் கூடத்தில் கான்வாஸ் துணியை மூன்று நான்கு மடிப்பாக ஊசிக்கு அடியில் தள்ள வேண்டும். தள்ளுவது கட்டைவிரல் ஓரம்தான். வருஷக்கணக்கில் தள்ளியதில் அந்த ஓரம் கொட்டைபோலக் காய்த்துப் போயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நுனி மெத்தென்று சதையாக இருந்தது. தந்தி முதலில் காய்ப்பில் பட்டது. மரத்தில் விரல் மடக்கித் தட்டியதுபோல் ஒரு சின்ன, காய்ந்த ‘டொக்’. அது முடிவதற்குள் சதை தந்தியை விட்டது, உள்ளேயிருந்து சுரம் உருண்டு வந்தது.

பெட்டியும் அதற்கு ஒத்துழைத்தது. வால்வு உள்ள பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. நிரம்பிய குடத்தைப்போல, மெல்ல ஊற்றினால் அலுங்காமல் வாங்கிக்கொள்ளும். வேகமாக ஊற்றினால் விளிம்பில் சிந்தும். அந்தச் சிந்தலைத்தான் நாம் கரகரப்பு என்கிறோம். அவள் மெல்லத் தொட்டபோது சுரம் தெளிவாக நின்றது. அழுத்தியபோது ஓரத்தில் லேசாகக் கரகரத்தது, அழுது ஓய்ந்தவர் பேசுவதைப்போல. நடுக் குமிழைக் கொஞ்சம் ஏற்றினாள், கீச்சைக் குறைத்தாள். உறுமல் பெட்டியைக் காலால் அணைத்தாள். அலைப் பெட்டியையும் அணைத்தாள். எதிரொலியில் பொட்டைப் பார்க்காமல், அறையின் சுவர் தருகிற அளவுக்கு மட்டும் வைத்தாள்.

மகள் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கார்பன் நிறுத்தியபோது அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோயிருந்தது.

“இதோட போறேன்,” என்றாள்.

“மச்சானுக்குச் சொல்லிடலாமா?”

“சொன்னா வேண்டாம்பாரு. நேர்ல கேக்கட்டும்.”

வியாழனும் வெள்ளியும் அவள் தினசரி வாசிக்கிற பாட்டுகளையே கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வில்லையால் படபடவென்று மேலும் கீழும் வாசிக்கிற இடங்கள் கட்டைவிரலுக்கு எட்டாது. அங்கே சுரங்களைக் குறைத்து, குறைத்ததற்கு ஈடாக ஒவ்வொன்றையும் நிற்கவைத்து வாசித்தாள். விரல் வீங்கியது. வெந்நீரில் முக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஹோட்டல் கூடம் நீளமானது. ஒரு கோடியில் மேடை, மறுகோடியில் சமையலறைக் கதவு, நடுவில் மேசைகள். சனிக்கிழமை மாலை மழை நின்றிருந்தது. ஆட்கள் ஈரக் குடைகளைச் சுவரோரம் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மேடைக்கு நேர் எதிரே மானேஜரும் முதலாளியின் வீட்டு ஆட்களும்.

அண்ணன் மேடையின் பக்கவாட்டில் ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பளபளக்கிற சட்டை. நீலப் பெட்டியைப் பார்த்ததும் முகம் விரிந்தது.

“அடேயப்பா! மாப்ள, உங்க கைவண்ணமா?”

“ஆமா மச்சான்,” என்றார் பெயிண்டர் ஈனசுரத்தில்.

அண்ணன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “பாப்பா, பொட்டு எங்க?”

“போயிடுச்சுண்ணே.”

“போயிடுச்சுன்னா?”

“நான்தான் மச்சான் தெரியாம…”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் கார்பன். “அண்ணே, அந்தப் பொட்டு சரியாவே இல்ல. எவ்வளவு நாளா இல்லன்னு தெரியல. நாம அச்சு அசல்னு சொல்லிச் சொல்லி வாசிச்சிட்டிருந்தது ரெகார்டு மாதிரியே இல்ல. உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

“இப்ப எதுக்குடீ இந்தப் பேச்சு? அரைமணி நேரத்துல ஆரம்பிக்கணும். அந்தாளுக்குப் போன் போடவா? டப்பாவோட வந்துருவாரு.”

“போடு. அவரு வந்து சேர்றதுக்குள்ள மூணு பாட்டு ஆயிடும். அது வரைக்கும் நான் வாசிக்கறேன். சரியில்லேன்னா நானே எறங்கிடறேன். தாளமும் போட மாட்டேன், வீட்டுக்குப் போயிடறேன்.”

அண்ணன் அவளைப் பார்த்தார். வில்லை இல்லாத கையைப் பார்த்தார். “வில்லை எங்க?”

“உன் மாப்ளகிட்ட இருக்கு.”

பெயிண்டர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

“குடும்பமே சேர்ந்து என்னக் கொல்லுது,” என்றார் அண்ணன். ஆனால் போனை எடுக்கவில்லை. எடுக்க நேரமில்லையா, மனசில்லையா என்பது அவருக்கே தெரியாது.

முதல் பாட்டில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. வேகமான பாட்டு, தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம். அண்ணன் மட்டும் பாடிக்கொண்டே பக்கவாட்டில் தங்கையை முறைத்தார். இரண்டாவது பாட்டில் அவர் முறைப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துப் பாடினார். அது நல்லதா கெட்டதா என்று அவளால் கணிக்க முடியவில்லை. கட்டைவிரல் வீக்கம் விண்விண்ணென்று தெறித்தது.

மூன்றாவது, மெதுவான பாட்டு. அழுமூஞ்சியின் பாட்டு. பாதியில் கிதார் தனியாக வரும். பிறகு அது ஒரு இடத்தில் வந்து நின்று வழிவிட, பாடகர் அடுத்த அடியை எடுக்க வேண்டும். அந்தத் துண்டு எல்லோருக்கும் தெரிந்தது. வழக்கமாகக் கூட்டம் கூடவே முணுமுணுக்கும். கார்பன் தொடங்கியபோது முணுமுணுக்க வாயெடுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மெட்டு அதேதான், ஆனால் அது போகிற நடை அவர்களுக்குத் தெரியாதது. அழுமூஞ்சி இழுக்கிற இடத்தில் அவள் இழுக்கவில்லை. காய்ந்த ஒரு தட்டு, பிறகு சுரம், பிறகு அடுத்ததற்கு அவசரப்படாத ஓர் இடைவெளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிற ஒருத்தியைப்போல அந்த மெட்டு நடந்தது. பரிமாறுகிறவர் ஒருவர் தட்டோடு அப்படியே நின்றார்.

துண்டு முடிந்தது. கிதார் வந்து வழிவிட்டது. அண்ணன் பாட வேண்டும்.

அண்ணன் பாடவில்லை.

இத்தனை வருஷத்தில் அண்ணன் எடுப்பைத் தவறவிட்டதே கிடையாது. காய்ச்சலில் பாடியிருக்கிறார், மின்சாரம் போய் இருட்டில் பாடியிருக்கிறார், ஒருமுறை நாற்காலி உடைந்து விழுந்தபடியே பாடியிருக்கிறார். இப்போது ஒலிவாங்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தங்கையின் கையைப் பார்த்து நின்றார். தாளக்காரர் பதறி நிமிர்ந்தார். கார்பன் பதறவில்லை. விழுந்த இடைவெளியில், கடைசி நான்கு தட்டுகளை மறுபடி வாசித்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ‘வா’ என்று சொல்வதுபோல. அண்ணன் உள்ளே வந்தார். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, அது பாட்டுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு பொட்டிக்காரரின் பேச்சு எழவில்லை. மொத்தம் ஒன்பது பாட்டு. அவற்றில் இரண்டு சுமாராகத்தான் வந்தன. வேகமான ஒன்றில் கட்டைவிரல் பின்தங்கி, தாளக்காரர் அவளுக்காகக் கொஞ்சம் மெதுவாக்க வேண்டியிருந்தது. ரம்பத்தின் பாட்டை அண்ணனே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்து, திரைக்குப் பின்னால் கார்பன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒயரை ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்ளே முறுக்கேறி ஒருநாள் அறுந்துபோகும்; ஒரு வளையம் மேலாக, ஒரு வளையம் கீழாக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். மகள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கட்டி வாங்கி வந்து, எப்போது விரலை நீட்டுவாள் என்று காத்து நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் மானேஜரின் குரல் கேட்டது.

“எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அச்சு அசல்னு போட்டிருக்கீங்க. கிதாரு ரெகார்டு மாதிரி இல்லையே?”

கார்பனின் கை நின்றது.

“இல்ல சார்,” என்றார் அண்ணன். “ரெகார்டு மாதிரி இல்ல. ரெகார்டு வேணும்னா ஒரு போன், ஒரு ஸ்பீக்கர் போதும், நாங்க எதுக்கு? பதாகையில இருக்கறத நான் நாளைக்கே மாத்திடறேன்.”

“குறை சொல்லல. எங்க முதலாளியம்மா கேட்டாங்க, அதான். அந்த மூணாவது பாட்டுல சாப்பாட்டையே விட்டுட்டு உக்காந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு உங்க குழுவுல நிரந்தரமா, இல்ல இன்னிக்கு மட்டும் கூட்டிட்டு வந்தீங்களா?”

அண்ணன் ஒலிவாங்கியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“என் தங்கச்சி சார் அது. அவ இருக்கற வரைக்கும்தான் இது குழு. அவ இல்லேன்னா நான் பளபளா சட்டை போட்ட ஒரு ஆளு, அவ்வளவுதான்.”

மகள் ஓடி வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “அம்மா! மாமா என்ன சொல்றாரு, கேட்டியா?”

கார்பன் ஒரு வளையம் மேலாகச் சுற்றினாள். ஒரு வளையம் கீழாகச் சுற்றினாள்.

“கேக்கல,” என்றாள். “போயி இன்னொரு தடவ சத்தமாச் சொல்லச் சொல்லு.”